மழை வகுத்த குடும்பம்: ஓர் ஆப்பிரிக்க ஸ்டார்லிங்கின் உருவும் வாழ்வும்

ஆண் பறவை பளபளப்பாகவும் பெண் பறவை மங்கலாகவும் இருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. மயிலும் காட்டுக்கோழியும் அப்படித்தான். டார்வின் 1871இல் இதற்குப் பாலினத் தேர்வு என்ற விளக்கத்தைத் தந்தார். இணைக்காக ஆண்கள் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியில் கைகொடுக்கும் அலங்காரம் தலைமுறைதோறும் மெருகேறுகிறது. போட்டியிடத் தேவையற்ற பெண்ணுக்கு அலங்காரமும் தேவைப்படுவதில்லை. பல பறவையினங்களுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சூப்பர்ப் ஸ்டார்லிங்குக்குப் பொருந்துவதில்லை. அந்த இனத்தில் ஆணும் பெண்ணும் ஒரே அளவு மினுங்குகின்றன. கையில் பிடித்துப் பார்த்தாலும் வேறுபடுத்துவது கடினம். இணைசேர்ந்த இரண்டு பறவைகள் தனியே கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது என்ற வழக்கமான ஏற்பாடும் இங்கே இல்லை. ஒரு கூட்டுக்குப் பலர் இரை கொண்டுவருகிறார்கள். அவர்களில் சிலர் அந்தக் குஞ்சுகளுக்கு எந்த வகையிலும் உறவில்லாதவர்கள். இறகின் நிறம், வாழும் நிலம், குஞ்சு வளர்க்கும் முறை ஆகிய மூன்றும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றலாம். இந்தப் பறவையைப் பற்றிய கால் நூற்றாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் மூன்றுக்கும் அடியில் ஒரே காரணம் ஓடுவது தெரிகிறது: எப்போது பெய்யும், எவ்வளவு பெய்யும் என்று சொல்ல முடியாத மழை.

உருவம்

நம் மைனாக்கள் அடங்கிய குடும்பம்தான் ஸ்டார்லிங்குகளுடையதும். ஆப்பிரிக்காவில் மட்டும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 45 இனங்கள் உள்ளன. சூப்பர்ப் ஸ்டார்லிங்கை அறிவியல் உலகுக்கு 1845இல் விவரித்தவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் எட்வார்ட் ரூப்பெல். இதன் அறிவியல் பெயர் லாம்ப்ரோடார்னிஸ் சூப்பர்பஸ். எத்தியோப்பியா, சோமாலியா, தெற்கு சூடான், உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது.

நீளம் சுமார் 18 சென்டிமீட்டர். மைனாவைவிடச் சிறியது, வாலும் குட்டை. தலை கருப்பு. முதுகும் இறக்கையும் மேல்மார்பும் நீலமும் பச்சையும் கலந்த உலோக மினுக்கம் கொண்டவை. வயிறு செங்காவி. நீல மார்பையும் காவி வயிற்றையும் ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை பிரிக்கிறது. வாலடியும் இறக்கையின் உட்புறமும் வெள்ளை. கருத்த முகத்தில் கண்மணியைச் சுற்றிய வளையம் பால் நிறத்தில் பளிச்சென்று தெரியும். இளம் பறவைகளுக்கு மினுக்கம் குறைவு, கண்ணும் கருமையானது. வளர வளரத்தான் கண் வெளுக்கிறது. இதே பகுதியில் வாழும் ஹில்டெபிராண்ட் ஸ்டார்லிங்கைப் பார்த்துப் பலர் ஏமாறுவதுண்டு. அதற்கு மார்பில் வெள்ளைப் பட்டை கிடையாது, கண்ணும் சிவப்பு. இந்த இரண்டையும் கவனித்தால் குழப்பம் தீரும்.

வயிற்றின் காவி, நிறமியால் வரும் நிறம். முதுகின் நீலமும் பச்சையும் அப்படியல்ல. அங்கே நீல நிறமி என்று எதுவும் கிடையாது. இறகின் நுண்கிளைகளுக்குள் மெலனின் அடங்கிய மெலனோசோம் என்னும் நுண்துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவற்றின் மேல் கெரட்டின் படலம். இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் சில அலைநீளங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிந்துபோகின்றன. வலுப்பெற்றதே நம் கண்ணுக்கு நிறமாகிறது. பறவை திரும்பும்போது நீலம் பச்சையாக மாறித் தெரிவதும், நிழலில் அது ஏறத்தாழக் கருப்பாகவே தோன்றுவதும் இதனால்தான்.

பொதுவாகப் பறவை இறகுகளின் மெலனோசோம்கள் திண்ணமான சிறு கம்பி வடிவத்தில் இருக்கும். ஆப்பிரிக்க ஸ்டார்லிங்குகளிடம் அதோடு உள்ளீடற்ற கம்பி, தட்டை, உள்ளீடற்ற தட்டை என மேலும் மூன்று வடிவங்கள் காணப்படுகின்றன. ரஃபேல் மாயா, டஸ்டின் ரூபன்ஸ்டைன், மாத்யூ ஷாக்கி மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை அளந்து காட்டியது. புதிய வடிவங்களைப் பெற்ற கிளைகளில் நிறங்கள் வேகமாக மாறியிருக்கின்றன. புதிய இனங்களும் விரைவாகத் தோன்றியிருக்கின்றன. துகளின் வடிவத்தில் நேர்ந்த சிறு மாற்றம் ஒரு பறவைக் குழுவின் பரிணாமத்துக்கே வழிதிறந்துவிட்டது. ஆயினும் நிறம் எப்படி உண்டாகிறது என்பதைத்தான் இது சொல்கிறது. பெண்ணுக்கும் அது ஏன் முழுமையாக வாய்த்தது என்பதை அறிய, பறவை வாழும் நிலத்துக்குப் போக வேண்டும்.

நிலம்

அடர்காடு இதற்கு ஆகாது. முட்செடிகளும் வேல மரங்களும் சிதறிக் கிடக்கும் சவன்னா, மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, விளைநிலத்தின் ஓரம், ஊர்த் தோட்டம் ஆகியவை இதன் இருப்பிடங்கள். சுற்றுலா விடுதிகளின் முற்றத்தில் மேசைக்கடியில் நுழைந்து ரொட்டித் துணுக்கு பொறுக்கும் அளவுக்கு மனிதரோடு பழகிவிட்ட பறவை இது. இரையைப் பெரும்பாலும் தரையில்தான் தேடுகிறது: வண்டு, வெட்டுக்கிளி, கரையான், இடையிடையே பழங்களும் விதைகளும். புல் குட்டையாக இருந்தால்தான் பூச்சி கண்ணுக்குப் படும். ஆகவே கால்நடைகளும் காட்டு விலங்குகளும் மேய்ந்து தீர்த்த இடங்களை விரும்பி நாடுகிறது.

திறந்த வெளியில் இரை தேடுவதற்கு ஒரு விலை உண்டு: பருந்தினங்களுக்கும் தரையில் வேட்டையாடும் விலங்குகளுக்கும் எளிதில் இலக்காகலாம். குழுவாகத் திரிந்தால் கண்கள் அதிகம். இந்தப் பறவைக்கு இரண்டு வகை அபாய ஒலிகள் உண்டு. வானத்து எதிரிக்கு ஒன்று, தரை எதிரிக்கு ஒன்று. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த டோரதி செனியும் ராபர்ட் செய்ஃபார்த்தும் இந்த ஒலிகளைப் பதிவு செய்து குரங்குகளுக்கு ஒலிபரப்பிப் பார்த்தனர். குரங்குகள் இரண்டையும் பிரித்தறிந்து அதற்கேற்ப நடந்துகொண்டன. ஸ்டார்லிங்குகளின் ஒலியை அடிக்கடி கேட்டு வளரும் குரங்குக் குட்டிகள் அதன் பொருளை விரைவாகக் கற்றுக்கொள்வதாக 1988இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஒரு பறவையின் எச்சரிக்கை வேறோர் உயிரினத்தின் கல்வியாகவும் ஆகியிருக்கிறது.

இந்தப் பறவையின் வாழ்க்கையை மிக நெருக்கமாகப் பதிவு செய்த இடம் லைகிபியா பீடபூமியில் உள்ள ம்பாலா ஆய்வு மையம். கென்யா மலைக்கு வடமேற்கே, பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதி அது. சில இடங்களில் செம்மண், சில இடங்களில் கரிசல். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டைன் அங்கே 2001 முதல் இந்தப் பறவைகளைப் பின்தொடர்ந்து வருகிறார். ஒவ்வொரு பறவையின் காலிலும் வண்ண வளையங்கள். ஒரு துளி இரத்தத்திலிருந்து மரபணுப் பதிவு. யார் யாருடைய பிள்ளை, யார் எந்தக் கூட்டுக்கு இரை கொண்டுவந்தது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்களின் குறிப்பேடுகளில் ஏறியிருக்கின்றன.

லைகிபியாவில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். மார்ச் முதல் ஜூன் வரை நீள்மழை. அக்டோபர், நவம்பரில் குறுமழை. காகிதத்தில் இப்படி எழுதலாம், நிலத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. ஓராண்டு கொட்டித் தீர்க்கும். மறு ஆண்டு மேகம் கூடிக் கலைந்துவிடும். மழை இல்லையேல் புல் இல்லை. புல் இல்லையேல் குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை. வரப்போகும் பருவத்தைப் பெற்றோர் முன்கூட்டி அறிய வழியே இல்லாத நிலம் இது.

கூடு

மழை தொடங்கியதும் கூடு கட்டும் வேலை தொடங்குகிறது. உலர்புல்லும் சுள்ளியும் கொண்டு, மேலே மூடி, பக்கவாட்டில் வாசல் வைத்த உருண்டைக் கூடு. முள் நிறைந்த வேல மரம் அதற்குத் தோதான இடம். சில வேளை மரப்பொந்தையோ தூக்கணாங்குருவி இனங்கள் கைவிட்ட பழைய கூட்டையோ எடுத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகள். பளபளப்பான நீலப்பச்சை நிறம். அடைகாப்பது தாய் மட்டுமே. இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிகிறது. அதன்பின் ஏறத்தாழ மூன்று வாரம் கூட்டில் வளர்கிறது.

முள்வேலி இருந்தும் பல கூடுகள் கொள்ளை போகின்றன. பாம்பும் பிற வேட்டை விலங்குகளும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன. தன் முட்டையைப் பிறர் கூட்டில் இட்டுச் செல்லும் பெரும்புள்ளிக் குயிலும் ஸ்டார்லிங் கூடுகளைத் தேடி வருகிறது. உணவுத் தட்டுப்பாடு ஒரு பக்கம், கொள்ளை மறுபக்கம். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் உதவிப் பறவைகள் வருகின்றன.

ஒரு குழுவில் சில பத்துப் பறவைகள் வரை இருக்கலாம். ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் முட்டையிடலாம். இனப்பெருக்கம் செய்யாத மற்ற பறவைகள் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகின்றன, கூட்டுக்குக் காவல் நிற்கின்றன. சில கூடுகளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட உதவியாளர்கள் அமைவதுண்டு. நம் தவிட்டுக்குருவிகளும் கூட்டமாகவே குஞ்சு வளர்ப்பவை என்பதால் தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஆனால் ஸ்டார்லிங் குழுவின் உள்ளமைப்பு சிக்கலானது. பிறந்த குழுவிலேயே தங்குபவை பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் வெளியேறி வேறு குழுவில் சேர்கின்றன. சில ஆண்களும் புறப்பட்டுப் போகின்றன. ஆகவே ஒரு குழுவுக்குள் அண்ணன் தம்பியும் இருப்பார்கள், முன்பின் தெரியாத வந்தேறிகளும் இருப்பார்கள்.

போவதா இருப்பதா என்பதை எது முடிவு செய்கிறது? ஷைலி ஷாவும் ரூபன்ஸ்டைனும் 2022இல் வெளியிட்ட விடை வியப்பூட்டுவது. ஓர் ஆண் பறவையின் முடிவோடு தொடர்புடையது, அது குஞ்சாக இருந்தபோது கண்ட சூழல் அன்று. அது முட்டையாக உருவாவதற்கும் முன் அதன் பெற்றோர் அனுபவித்த மழை நிலவரம். தங்கியவையும் வெளியேறியவையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழச் சமமான பலனையே அடைகின்றன. பிறப்புக்கு முந்தைய மழை சுட்டிய வழிக்கு மாறாக நடந்தவை பின்தங்குகின்றன. மழை மாறி மாறி அமைவதால் இரண்டு வகைப் பறவைகளும் அழியாமல் தொடர்கின்றன. கலப்புக் குழுவும் நிலைத்து நிற்கிறது.

இந்தக் குடும்பத்தில் எல்லாம் இணக்கம் என்று எண்ண வேண்டாம். மரபணுச் சோதனையில் சுமார் 14 விழுக்காடு குஞ்சுகளின் தந்தை, தாயின் இணை அல்ல என்று தெரிந்தது. குழுவுக்குள்ளேயே வேறோர் ஆணோடு சேர்ந்த பெண்கள், அதன்வழி கூட்டுக்கு ஓர் உதவியாளரைக் கூடுதலாகப் பெற்றன. வெளிக்குழு ஆணை நாடிய பெண்களின் குஞ்சுகளுக்கு மரபணுப் பன்மை மிகுந்தது. வறண்ட பருவத்துக்குப் பின் குழுவில் கீழ்நிலையில் உள்ளவற்றின் இரத்தத்தில் நெருக்கடி ஹார்மோன் உயர்வதும், மேல்நிலையில் உள்ளவற்றிடம் அந்த உயர்வு இல்லாததும் பதிவாகியுள்ளன. பஞ்சத்தின் பாரம் எல்லோர் மேலும் சமமாக இறங்குவதில்லை.

மழையும் பந்தயமும்

ரூபன்ஸ்டைனும் இர்பி லவெட்டும் 2007இல் ஆப்பிரிக்க ஸ்டார்லிங்குகளின் 45 இனங்களை ஒப்பிட்டனர். காட்டில் வாழும் இனங்கள் பெரும்பாலும் இணையாகக் குஞ்சு வளர்க்கின்றன. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும் சவன்னாவின் இனங்களிடம் கூட்டு வளர்ப்பு மிகுந்து காணப்படுகிறது. ஆண்டுச் சராசரி எவ்வளவு என்பதைக் காட்டிலும் அந்த அளவு எவ்வளவு நிலையற்றது என்பதே இங்கு முதன்மையானது.

நிலையின்மை ஏன் கூட்டத்தைத் தூண்ட வேண்டும்? ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். தனி இணையாக வளர்ப்பவற்றின் தொகை நல்ல ஆண்டில் 2 மடங்காகிறது, கெட்ட ஆண்டில் 0.4 மடங்காகச் சுருங்குகிறது என்று கொள்வோம். கூட்டாக வளர்ப்பவை நல்ல ஆண்டில் 1.5 மடங்கு, கெட்ட ஆண்டில் 0.7 மடங்கு. சராசரியை மட்டும் பார்த்தால் தனி இணைக்கு 1.2, கூட்டத்துக்கு 1.1, தனி இணையே முன்னிற்கிறது. ஆனால் தலைமுறைகள் பெருக்கிக்கொண்டே போகின்றன; கூட்டிக்கொண்டு போவதில்லை. ஒரு நல்ல ஆண்டும் ஒரு கெட்ட ஆண்டும் கடந்தபின் தனி இணையின் தொகை 0.8 ஆகக் குறைந்திருக்கும். கூட்டத்தின் தொகை 1.05 ஆக வளர்ந்திருக்கும். ஏற்ற இறக்கத்தைக் குறைப்பவரே நீண்ட ஓட்டத்தில் நிலைக்கிறார். வானம் பார்த்த பூமியில் நம் உழவர் ஒரே பயிரை நம்பாமல் சோளத்தோடு துவரையும் உளுந்தும் கலந்து விதைப்பது இந்தக் கணக்கில்தான். கூட்டு வளர்ப்பை இத்தகைய இழப்புக் காப்பாகக் காண வேண்டும் என்று ரூபன்ஸ்டைன் 2011இல் வாதிட்டார்.

பெண்ணின் ஒளி

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். கூட்டாக வாழும் குழுவில் எல்லாப் பெண்களுக்கும் முட்டையிடும் வாய்ப்பு கிடைப்பதில்லை. சில பெண்கள் இனப்பெருக்கம் செய்ய, மற்றவை காத்திருக்க நேர்கிறது. அங்கே இடத்துக்காகவும் இணைக்காகவும் பெண்ணும் போட்டியிட்டாக வேண்டும். போட்டி இருக்கும் இடத்தில் அலங்காரத்துக்கும் பயன் உண்டு. ரூபன்ஸ்டைனும் லவெட்டும் 2009இல் மீண்டும் அந்த 45 இனங்களையே எடுத்துச் சோதித்தனர். கூட்டாக வளர்க்கும் இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிறத்திலும் உடலளவிலும் வேறுபாடு குறைவு. ஆண் மங்கியதால் வந்த சமநிலை அல்ல இது. பெண்ணின் மீது தேர்வின் அழுத்தம் கூடியதால் வந்தது.

டார்வினின் கோட்பாடு இதனால் பொய்த்துவிடவில்லை, விரிந்திருக்கிறது. போட்டியிடும் பாலுக்கு அலங்காரம் என்ற தர்க்கம் அப்படியே நிற்கிறது. போட்டியிடுவது எப்போதும் ஆண்தான் என்ற அனுமானம் மட்டும் விழுந்துவிட்டது. மழையின் நிலையின்மை கூட்டத்தை உருவாக்குகிறது, கூட்டம் பெண்களிடையே போட்டியை உருவாக்குகிறது, போட்டி பெண்ணின் இறகிலும் நீலத்தை நிலைநிறுத்துகிறது என்ற சங்கிலி இப்படித்தான் முழுமையாகிறது.

உறவினருக்கும் அப்பால்

தான் பெறாத குஞ்சுக்கு ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு உயிரியலில் இரண்டு புகழ்பெற்ற விடைகள் உள்ளன. வில்லியம் ஹாமில்டன் 1964இல் சொன்னது உறவு வழி: தம்பியின் உடலிலும் என் மரபணுக்களில் ஒரு பங்கு இருக்கிறது. ராபர்ட் டிரிவர்ஸ் 1971இல் சொன்னது கைம்மாறு வழி: இன்று நான் செய்தால் நாளை நீ செய்வாய். முதல் விடைக்கு விலங்குலகில் சான்றுகள் ஏராளம். இரண்டாவதை நிறுவுவது கடினம். உதவிக்கும் கைம்மாறுக்கும் இடையில் ஆண்டுகள் கடந்துவிடலாம்.

அலெக்சிஸ் ஏர்லும் ரூபன்ஸ்டைனும் அவர்களுடைய குழுவினரும் 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த இடைவெளியை நிரப்பியது. 20 ஆண்டுகள், 40 இனப்பெருக்கப் பருவங்கள், நூற்றுக்கணக்கான பறவைகள் பற்றிய தரவு அது. பறவைகள் உறவினருக்கு முன்னுரிமை தருவது உறுதியானது. அதே நேரத்தில் உறவினர் அருகில் இருந்தபோதும் குறிப்பிட்ட சில உறவற்ற பறவைகளுக்குத் தொடர்ந்து உதவுவதும் தெரிந்தது. ஒரு பருவத்தில் உதவியவர் மற்றொரு பருவத்தில் இனப்பெருக்கம் செய்கிறார். அப்போது முன்பு உதவி பெற்றவர் உதவியாளராகிறார். பாத்திரங்கள் இடம் மாறினாலும் அந்த இருவருக்கிடையேயான பிணைப்பு நீடிக்கிறது. ஓரிரு பருவங்கள் மட்டும் பார்த்திருந்தால் இதை ஒருபக்க உதவி என்றே எழுதியிருப்பார்கள்.

மாற்றுச் சான்றுகள்

மழையின் நிலையின்மைதான் கூட்டு வாழ்வைப் பெற்றெடுக்கிறது என்று எல்லாப் பறவைகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட முடியாது. இருவாச்சிக் குடும்பத்தை ஆராய்ந்த கொன்சாலஸ், ஷெல்டன், டோபையாஸ் மூவரும் 2013இல் நேர்மாறான முடிவுக்கு வந்தனர்: அங்கே கூட்டு வளர்ப்பு நிலையான தட்பவெப்பத்தோடு இணைந்திருக்கிறது. ஆண்டு முழுதும் ஒரே எல்லையைக் காத்து நிற்கும் வாழ்க்கை இளம் பறவைகளை வீட்டோடு கட்டிப்போடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். சார்லி கார்ன்வாலிஸ் குழுவினர் 2017இல் காரணகாரிய வரிசையையே திருப்பிப் போட்டனர். கூட்டு வாழ்வு முதலில் தோன்றியது. அதைக் கைக்கொண்ட இனங்களால்தான் கடுமையான நிலங்களுக்குள் நுழைய முடிந்தது என்றனர் அவர்கள்.

இந்த எதிர்ச்சான்றுகள் ஸ்டார்லிங் ஆய்வின் மதிப்பைக் குறைப்பதில்லை. அதன் எல்லையைத் தெளிவாக்குகின்றன. ஒரே வகைக் குடும்ப அமைப்புக்குப் பறவைகள் பல வழிகளில் வந்து சேர்ந்திருக்கலாம். இந்தக் குடும்பத்தில், இந்த நிலத்தில் மழையின் ஏற்ற இறக்கம் முதன்மைக் காரணி என்பதற்கான ஆதாரம் வலுவாக இருக்கிறது.

இன்று சூப்பர்ப் ஸ்டார்லிங் அழிவின் விளிம்பில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைக் குறைந்த கவலைக்குரிய இனமாகவே வகைப்படுத்தியுள்ளது. ஆனால் அதன் வாழ்விடத்தின் ஒரு பகுதியான ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளில் 2020 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் மாறி மாறி வரும் உலகுக்கு உருவான காப்பு, கெட்ட ஆண்டுகள் மட்டுமே வரிசையாக வந்தால் எவ்வளவு தாங்கும்? மேலே போட்ட கணக்கில் 0.7ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.17 தான் எஞ்சுகிறது. தனி இணையின் 0.4ஐ அப்படிப் பெருக்கினால் கிடைக்கும் 0.01ஐ விட அது மேல். ஆனாலும் சரிவு சரிவுதான். கூட்டம் ஏற்ற இறக்கத்துக்கு மருந்து, தொடர் வறட்சிக்கு மருந்தாகாது. பொதுவாக எங்கும் காணப்படும் ஒரு பறவையை இருபது ஆண்டுகள் வளையமிட்டு எண்ணுவது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதுவே பதில்: அந்தச் சரிவு எப்போது தொடங்குகிறது என்பதை அத்தகைய நீண்ட பதிவேடுதான் காட்டும்.